கிண்ணத்தில் அடங்கும் குட்டியும் அதை ஈன்ற தாயும்

சென்னையில் அடுக்ககம் ஒன்றின் ஆறாவது மாடியில் குடியிருக்கும் என் தங்கை, சென்ற கோடை விடுமுறையில் தன் கைப்பேசிக்கு வந்த படம் ஒன்றை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டாள். தேநீர்க் கோப்பைக்குள் உட்கார வைக்கப்பட்ட வெள்ளைப் பாமரேனியன் குட்டி. அதன் கீழே, முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது, அதிகம் குரைக்காது, மாடி வீட்டுக்கென்றே பிறந்தது என்ற உறுதிமொழிகள். சாதாரணக் குட்டியின் விலையைப்போல் நான்கு மடங்கு விலை. அவளுடைய பத்து வயது மகள் இரண்டு ஆண்டுகளாக நாய் வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தாள். குடியிருப்போர் சங்கம் பெரிய நாய்களை விரும்புவதில்லை என்பதையும், பகலில் வீட்டில் மாமியார் மட்டுமே இருப்பார் என்பதையும் தங்கை கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கில் பிழையில்லை; சிறிய நாயை விரும்புவதும் குற்றமில்லை.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அந்த 'டீகப்' குட்டியையே வாங்கலாம். பதிவுபெற்ற வளர்ப்பாளர் ஒருவரிடம் இயல்பான அளவுள்ள சிற்றின நாய்க்குட்டியை வாங்கலாம். காப்பகத்திலிருந்து வளர்ந்த நாய் ஒன்றைத் தத்தெடுக்கலாம். விலை, இடவசதி, பராமரிப்புச் செலவு, குழந்தையின் ஆசை என்று வழக்கமான அளவுகோல்கள் அனைத்தையும் வைத்துப் பார்த்த பின்னரும் எங்களுக்குத் தெளிவு பிறக்கவில்லை. குட்டியைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, அதன் தாயைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிய பிறகே மூன்று வழிகளும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின. தாய்க்கு வயது என்ன, எத்தனை முறை ஈன்றிருக்கிறது, எப்படி ஈன்றது, இப்போது எங்கே இருக்கிறது, நாம் தரும் பணம் அதன் அடுத்த ஆண்டை எப்படி ஆக்கும் என்ற கேள்விகளை நான் இங்கே மூன்று வழிகளுக்கும் பொதுவாக வைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும். நாயினங்களைப் பதிவுசெய்து அவற்றுக்குத் தரம் வகுக்கும் சங்கங்களான கென்னல் கிளப்களில் அறியப்பட்ட எதுவும் 'டீகப்' என்று ஓர் இனத்தையோ உட்பிரிவையோ ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இனத்தரம், சிவாவா 6 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்கிறது. பாமரேனியனுக்கு 3 முதல் 7 பவுண்டு, யார்க்‌ஷயர் டெரியருக்கு 7 பவுண்டுக்குள் என்று வகுத்திருக்கிறது. இவையே உலகின் மிகச் சிறிய நாய்கள். இவற்றுக்குக் கீழே தனியாக ஒரு படி கிடையாது. ஒரே இனத்துக்குள் குட்டிகளின் அளவு கூடக்குறைய இருப்பது இயல்புதான் என்றும், அந்த வேறுபாட்டுக்கு 'டீகப்', 'பாக்கெட்' என்றெல்லாம் பெயர் சூட்டி அதிக மதிப்புள்ளதுபோல் காட்டுவது வாங்குபவரைத் தவறான வழியில் செலுத்துவதாகும் என்றும் அமெரிக்கச் சிவாவா சங்கமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அந்த இனத்தை நேசித்து வளர்ப்பவர்களே இவ்வாறு சொல்லும்போது, விற்பவருடைய சொல்லை நாம் இனப்பெயராக எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

சிறிதாக்கும் ஆசை புதியதன்று. விக்டோரியா அரசி 1888-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரிலிருந்து கொண்டுவந்த மார்கோ என்ற பாமரேனியன் 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை கொண்டது. பனிநாட்டில் வண்டியிழுத்த ஸ்பிட்ஸ் குடும்பத்து நாய்களோடு ஒப்பிட்டால் அதுவே மிகச் சிறியது. அரசியின் நாயைப் பார்த்து ஊரே சிறிய பாமரேனியனைத் தேடத் தொடங்கியதால் அந்த இனத்தின் அளவு சில தலைமுறைகளுக்குள் பாதியாகச் சுருங்கியது. இன்று தரத்தின் மேல் வரம்பே 7 பவுண்டு. அந்த வரம்பிலும் பாதிக்குக் கீழே இறங்கிய குட்டியைத்தான் என் தங்கையிடம் விற்க முன்வந்தார்கள்.

இவ்வளவு சிறிய நாய் எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு விடை மூன்று வகைப்படும். ஒரே விற்பனையில் மூன்றும் கலந்திருப்பதும் உண்டு. ஈற்றில் கடைசியாக நின்ற நோஞ்சான் குட்டிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றையே மீண்டும் மீண்டும் ஒன்றோடொன்று சேர்த்து இனவிருத்தி செய்வது ஒரு முறை. இதில் நெருங்கிய உறவுகளுக்குள் சேர்க்கை நிகழ்வதைத் தவிர்ப்பது கடினம்; குட்டி நோஞ்சானாக இருந்ததற்கு இதயத்திலோ கல்லீரலிலோ இருந்த பிறவிக் குறைதான் காரணமென்றால் அந்தக் குறையும் சேர்ந்தே இறங்கும். நான்கு வாரக் குட்டியை எட்டு வாரக் குட்டி என்று சொல்லி விற்பது இன்னொரு முறை. எந்தச் சிற்றினத்துக் குட்டியும் நான்கு வாரத்தில் ஒரு கோப்பைக்குள் உட்காரும். படத்தை எடுத்த நாளைத் தவிர அந்தப் படம் வேறெதையும் நிரூபிப்பதில்லை. குட்டிக்கு வேண்டிய அளவு தீனி போடாமல் வளர்ச்சியைத் தடுப்பது மூன்றாவது. இதைப்பற்றி நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை.

தாயின் நிலையை இங்கேதான் நிறுத்திப் பார்க்க வேண்டும். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். சிற்றின நாய்கள் ஓர் ஈற்றில் ஒன்று முதல் நான்கு குட்டிகளையே பெரும்பாலும் ஈனுகின்றன. குட்டிகளின் எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொரு குட்டியும் தாயின் உடலுக்குப் பெரிதாகிவிடுகிறது. சிவாவா போன்ற உருண்டைத் தலை இனங்களில் தலை இடுப்பெலும்பு வழியாக இறங்காமல் சிக்கிக்கொள்கிறது. ஒற்றைக் குட்டியாக இருந்தால் பிரசவ வலியே சரியாகத் தொடங்காமல் போவதும் உண்டு. ஆகவே சிசேரியன் அறுவை சிகிச்சை இவற்றுக்கு அரிதான ஒன்றாக இருப்பதில்லை, அதிலும் இரண்டு கிலோ எடைகூட இல்லாத உடலுக்கு மயக்க மருந்து கொடுப்பது தனி ஆபத்து, ஏனெனில் அந்த உடலின் வெப்பம் அறுவை மேசையிலேயே வேகமாக இறங்கிவிடும். ஈற்றுக்கு இரண்டு குட்டிகள்தான், அவற்றில் ஒன்றுதான் 'டீகப்' என்று விற்கும் அளவுக்குச் சிறியது என்றால், லாபம் வருவதற்கு எத்தனை தாய்கள் எத்தனை முறை சினையாக வேண்டும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். விலையில் அந்த நான்கு மடங்கை நியாயப்படுத்துவது குட்டியின் அரிய குணம் என்று வாங்குபவர் நினைக்கிறார். அந்த அருமை உண்டாவதே தாய்களின் உடலைச் செலவழித்துத்தான்.

இனி குட்டியின் உடல். பச்சிளங்குழந்தைக்கு இருப்பதுபோல் நாய்க்குட்டியின் தலையிலும் உச்சிக்குழி உண்டு. மிகச் சிறிய நாய்களில் அது வளர்ந்த பின்னும் மூடாமல் நிற்பதும், மூளையில் நீர் கோத்துக்கொள்வதும் கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்தவை. கல்லீரல் சிறிது, தசை சிறிது, ஆதலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க உடலில் இடமில்லை. ஒரு வேளை உணவு தவறினாலே இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, குட்டி தள்ளாடி, நடுங்கி, வலிப்புக் கண்டு விழுந்துவிடும். முழங்கால் சில்லு நழுவும். மூச்சுக்குழாய் தளர்ந்து வாத்து கத்துவதுபோன்ற இருமல் வரும். சிறிய தாடைக்குள் 42 பற்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் ஈறு அழுகும். முன்னங்கால் எலும்பு பென்சில் கனம்கூட இருக்காது. சோபாவிலிருந்து குதித்தால் முறியும். மணிக்கட்டுக்கு அருகே இரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் முறிந்தது எளிதில் கூடவும் செய்யாது. பகலில் மாமியார் மட்டுமே இருக்கும் வீட்டில், பள்ளி விட்டு ஓடிவரும் பத்து வயதுப் பிள்ளையின் காலடியில் அப்படியொரு குட்டியை விடுவது பிள்ளைக்கும் நல்லதில்லை. தன்னால் ஓர் உயிரின் கால் முறிந்தது என்ற நினைவைக் குழந்தை நெடுங்காலம் சுமக்கும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். சிறிய உருவம் இயற்கைக்கு மாறானதில்லை என்பதே அது. நாய்களின் உருவத்தைச் சிறிதாக்குவதில் பெரும்பங்கு ஐ.ஜி.எஃப்.1 என்ற ஒரே மரபணுவுக்கு உண்டு என்று 2007-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன் சிறுவுருவ வடிவம் 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓநாய் ஒன்றின் மரபணுவிலேயே இருந்தது என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதன் நாயைப் பழக்குவதற்கு முன்பே சிறுமைக்கான வித்து இருந்திருக்கிறது. சிறிய நாய்கள் பெரிய நாய்களைவிடப் பொதுவாக நீண்ட காலம் வாழ்கின்றன என்பதும் உண்மை. ஆனால் இந்த வாதம் ஐந்து கிலோ ஸ்பிட்ஸுக்கோ இரண்டரைக் கிலோ சிவாவாவுக்கோதான் துணை நிற்கிறது. அந்த மரபணு கொடுத்த அளவுக்கும் கீழே, நோயையும் பசியையும் பொய்யான வயதையும் துணைக்கழைத்து இறக்கிய அளவுக்கு அது பொறுப்பேற்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தங்கையின் கணவர் கேட்டார். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் நாய் இனவிருத்தி மற்றும் விற்பனை விதிகள் வந்தன. வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறைவதற்கு முன்பும் எட்டு வயதுக்குப் பின்பும் சேர்க்கை கூடாது. தொடர்ந்து இரண்டு பருவங்களில் சினையாக்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் இருக்க வேண்டும். இந்த விதிகளைப் படிக்கும்போது இவற்றில் பல தாயைப் பற்றியவையாக இருப்பது எனக்கு ஆறுதல் தந்தது. எனினும் குறைந்தபட்ச எடை என்று எதையும் நான் அவற்றில் காணவில்லை. தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனவிருத்திக் கொள்கை, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்று நம் வெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களைப் பெயர் சொல்லிச் சுட்டியது. 'டீகப்' ஓர் இனமே இல்லை என்பதால் இனப்பெயர்களைக் கொண்ட பட்டியல் எதுவும் அதைப் பிடிக்க முடியாது. நார்வே வேறு வழியில் சென்றது. கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் என்ற சிற்றினத்தில் பரம்பரை நோய்ச்சுமை மிகுந்துவிட்டதால் அதை இனவிருத்தி செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதி செய்தது. நாயின் பெயரைப் பார்க்காமல் அதன் உடல்படும் துன்பத்தை அளவுகோலாக்கினால் 'டீகப்' விற்பனை எந்த நாட்டிலும் நிலைக்காது.

அந்த விற்பனையாளரிடம் தங்கை தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டாள். பதிவு எண் கேட்டபோது கே.சி.ஐ., அதாவது இந்திய கென்னல் கிளப்பின் பேப்பர் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தச் சான்றிதழ் பரம்பரையைக் காட்டுமே தவிர வாரியப் பதிவாகாது. தாயை நேரில் பார்க்கலாமா என்றதற்குத் தாய் வேறு ஊரில் இருப்பதாகச் சொன்னார்கள். எட்டு வாரம் ஆகிவிட்டதா, பல்லைப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்றதற்கு, குட்டியைப் பெட்டியில் வைத்து இரவுப் பேருந்தில் அனுப்பிவிடுவதாகவும் முன்பணம் போட்டால் போதும் என்றும் பதில் வந்தது. பல்லைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. குட்டிக்கு மூன்று, நான்கு வாரத்தில் முன்பற்கள் முளைக்கத் தொடங்கி, எட்டு வாரத்தை ஒட்டி 28 பால்பற்களும் வந்துவிடும். சிற்றினங்களில் சற்றுத் தாமதமாகலாம் என்றாலும், கடைவாய்ப் பற்களே தென்படாத குட்டியை எட்டு வாரக் குட்டி என்று ஏற்க முடியாது. வயதைப் பற்றிய இந்தப் பொய் சிறிய விஷயமன்று. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான் கடிப்பதன் வலிமையை அடக்கவும், அஞ்சாமல் பழகவும் குட்டி கற்கிறது. அதற்கு முன்பே பிரிக்கப்பட்டுப் பேருந்தில் வந்திறங்கும் குட்டியைப் பார்வோ என்ற வைரஸ் தொற்றினால் காப்பாற்றுவது கடினம்.

இரண்டாவது வழி, பதிவுபெற்ற வளர்ப்பாளரிடம் இயல்பான அளவுள்ள நாயை வாங்குவது. இதை நான் தள்ளிவிட விரும்பவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் வீடுகளில் பாமரேனியன் என்ற பெயரில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். ஐந்து முதல் ஏழு கிலோ எடையில், நம் வெயிலுக்குப் பழகி, தயிர்ச்சோறு தின்று பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தவை. மாடி வீட்டுக்கு அது போதும். நல்ல வளர்ப்பாளரை அடையாளம் காண்பதும் அவ்வளவு கடினமில்லை. அவர் தாயைக் காட்டுவார். தாய் அவரிடம் வாலாட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் இருக்கிறார்களா, பகலில் யார் இருப்பார்கள் என்று நம்மிடமே கேள்வி கேட்பார். முழங்கால் சில்லையும் இதயத்தையும் மருத்துவர் பார்த்ததற்கான தாளை எடுத்துக் காட்டுவார். குட்டி இப்போது இல்லை, அடுத்த ஆண்டு வாருங்கள் என்று சொல்லவும் தயங்கமாட்டார். காத்திருக்கச் சொல்லும் வளர்ப்பாளரையே நான் நம்புவேன். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'லூசி சட்டம்', ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்பதைத் தடுத்து, வாங்குபவர் குட்டியை அதன் தாயோடு பிறந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறது. லூசி என்பது வேல்ஸ் நாட்டுக் குட்டிப்பண்ணை ஒன்றில் ஓயாமல் ஈனவைக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்ட பெட்டை நாயின் பெயர். நமக்கு அப்படியொரு சட்டம் இல்லாவிட்டாலும், அந்த ஒரு நிபந்தனையை ஒவ்வொரு வீடும் தானே விதித்துக்கொள்ளலாம். இவ்வழியின் குறை, தேடலும் காத்திருப்பும் நீளமானவை என்பதும், குட்டி வளர்ப்பின் முதல் ஆறு மாதம் வீட்டில் ஒருவரை முழுநேரமும் கேட்கும் என்பதுமே. எழுபது வயது மாமியாரின் மேல் அதைச் சுமத்துவது சரியா என்ற கேள்வி எங்களிடம் எஞ்சி நின்றது.

மூன்றாவது வழியில் புதிதாக எந்தத் தாயும் சினையாக வேண்டியதில்லை. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். தங்கைக்குப் போதவில்லை, அவள் கேட்டவையும் நியாயமானவை. காப்பகத்து நாயின் முன்வாழ்க்கை தெரியாது. அச்சம் கொண்ட நாய் கடிக்கலாம். சங்கம் தொல்லை தரலாம். சங்கத்தைப் பற்றிய அச்சத்துக்கு விடை எளிது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளைத் தடைசெய்யவோ, சிறிய நாய் மட்டும் இருக்கலாம், பெரிய நாய் கூடாது என்று அளவு பார்த்து விலக்கவோ முடியாது. உரிமையாளர் மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் வைத்திருந்து, அசுத்தத்தைத் தானே அகற்றினால் போதும். சங்கத்துக்குப் பயந்து டீகப் வாங்கும் பலருக்கு இது தெரிந்திருந்தால் அந்தச் சந்தையில் ஒரு பகுதி இல்லாமலே போகும்.

முன்வாழ்க்கை தெரியாது என்பது உண்மையே. ஆனால் வளர்ந்த நாயின் இன்றைய குணம் கண்முன்னே இருக்கிறது, அதன் அளவும் இனி மாறப்போவதில்லை. குட்டியிடம் இவ்விரண்டுமே ஊகம். சிறிய நாய்தான் வேண்டுமென்றால் அதுவும் காப்பகங்களில் கிடைக்கிறது என்பது வருத்தமான செய்தி. 2003-இல் ஒரு செல்பேசி விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே நடந்த பக் நாயைப் பார்த்து நாடெங்கும் பக் குட்டிக்குக் கிராக்கி ஏறியதையும், மோகம் தணிந்தபின் மூச்சுத் திணறும் பக் நாய்கள் தெருவில் விடப்பட்டதையும் நினைவுள்ளவர்கள் அறிவார்கள். 1959-இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்திய புளூ கிராஸ் போன்ற அமைப்புகளின் கதவடியில் நாட்டு நாய்களோடு விலைகொடுத்து வாங்கிய இனநாய்களும் வந்து சேர்கின்றன. ஈனும் வயது முடிந்ததும் பண்ணைகள் கழித்துவிட்ட பெட்டைகளும் அவற்றில் உண்டு.

நாட்டு நாய்க்குட்டியை எடுப்பது பற்றியும் பேசினோம். நோய் எதிர்ப்பிலும் அறிவிலும் அதற்கு நிகரில்லை. ஆனால் அது பதினைந்து, இருபது கிலோ வரை வளர்ந்து, காலையும் மாலையும் நன்றாக ஓட வேண்டிய நாய். ஆறாவது மாடியிலிருந்து அதை நாள்தோறும் இருமுறை இறக்கிக் கூட்டிச்செல்ல அந்த வீட்டில் ஆளில்லை என்று தங்கையின் கணவர் நேர்மையாக ஒப்புக்கொண்டார். இப்போதைக்கு நாயே வேண்டாம் என்ற நான்காவது முடிவையும் ஒரு வாரம் மனத்தில் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போய், பகலில் வீட்டைப் பூட்டிவைக்கும் குடும்பத்துக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

என் தரவரிசை இதுதான்: இந்த வீட்டுக்கு வளர்ந்த சிறிய நாயைத் தத்தெடுப்பது முதலாவது; அது அமையாவிட்டால், தாயைக் காட்டும் வளர்ப்பாளரிடம் ஸ்பிட்ஸ் குட்டிக்காகக் காத்திருப்பது இரண்டாவது. டீகப் குட்டியை இந்த வரிசையில் நான் சேர்க்கவே இல்லை. இரக்கத்தால் அதை வாங்கிவிடலாமே, அந்தக் குட்டியாவது பிழைக்குமே என்று தங்கை ஒருமுறை கேட்டாள். அந்தக் குட்டிக்கு அது உதவியாக இருக்கக்கூடும். அதன் தாய்க்கு அது அடுத்த சினைக்கான முன்பணம் என்றேன்.

ஆகஸ்டில் காப்பகம் ஒன்றிலிருந்து நான்கு கிலோ எடையுள்ள வெள்ளைப் பெட்டை நாய் அந்த வீட்டுக்கு வந்தது. பற்களைப் பார்த்த கால்நடை மருத்துவர் ஆறு வயதிருக்கலாம் என்றார். தளர்ந்து தொங்கிய முலைக்காம்புகளையும் அடிவயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு தழும்புகளையும் விரலால் தொட்டுக் காட்டி, இதற்கு இரண்டு முறையாவது சிசேரியன் நடந்திருக்கிறது என்று குழந்தையிடம் விளக்கினார். ஐந்து பற்களை எடுக்க வேண்டியிருந்தது. முதல் மூன்று வாரம் அது கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. மாமியார் தரையில் உட்கார்ந்து கீரை ஆயும் நேரத்தில் மட்டும் வெளியே வந்து, அவருடைய புடவைத் தலைப்பின்மேல் படுத்துக்கொண்டது.